பாதி ஆட்டத்துக்குப் பெரிய பந்து

காப்பார், மலேசியா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முட்டியில் தோல் உரிந்திருப்பதைத் தவிர. ஜெர்மனிக் குளிரில் நீயும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன நல்ல யோசனையைத் திடலில் அம்மா கெடுத்துவிட்டாள் என்று உனக்குக் கோபம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஊர்க் கால்பந்துப் போட்டியில் பெண்களுக்கும் ஓர் ஆட்டம் வைக்கச் சொல்லி எத்தனையோ வருடம் கேட்டு இந்த வருடம்தான் ஒத்துக்கொண்டார்கள். சாலாக் செலாத்தான் ஊர்ப் பெண்கள் வேனில் வந்து இறங்கியாயிற்று, நான் கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நிற்கிறேன், போட்டிக் குழுத் தலைவர் சுகுமாறன் நாலாம் நம்பர் பந்தைத் தூக்கிப் போடுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் சின்னப் பந்து. வளர்ந்த பெண்கள் எல்லா ஊரிலும் ஆண்கள் ஆடும் அதே ஐந்தாம் நம்பரில்தான் ஆடுகிறார்கள் என்றேன். "ஆன்டிமாருக்கு இது போதும் லா, கால் வலிக்காது" என்றார். மீன் பாசாரில் ஐஸ் பெட்டி தூக்குகிற நம் பஞ்சவர்ணம் அக்கா சும்மா இருப்பாரா, "அப்ப உங்க டீமுக்கு என்ன பாஸ், தொப்பைக்குத் தக்கன பந்தா?" என்று கேட்டதும் திடலே சிரித்தது. சுகுமாறனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்னப் பந்தில் ஆடாவிட்டால் அடுத்த வருடம் பெண்கள் ஆட்டமே கிடையாது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் உனக்குப் போன் அடித்தேன். முதல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் யார் பந்தில் ஆடுவது என்று சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதி உருகுவே பந்து என்று முடித்த கதையைச் சொன்னாய். அதே மாதிரி நாங்களும் பாதி ஆட்டம் சின்னப் பந்து, பாதி ஆட்டம் பெரிய பந்து என்று ஆடலாம் என்றாய். அதை நான் சொன்னதும் சுகுமாறன் உடனே தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஆட்டியதுதான் எனக்கு உறுத்தியது. அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும், தலையால் முட்டினால் வார் கட்டிய இடம் நெற்றியைக் கிழிக்கும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் இரண்டும் பெரியவர்கள் ஆடும் பந்து. யாரும் யாரிடமும் பிள்ளைப் பந்தை நீட்டவில்லை. பாதி நேரம் மட்டும் எங்களைப் பெரிய மனுஷிகளாக நடத்துவதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? "அந்தப் பாதியையும் நீங்களே வெச்சுக்குங்கண்ணே" என்று வெளியே வந்துவிட்டேன். எதிரணிக் கேப்டன் சுமையா என் பின்னாலேயே வந்து, "நாங்களும் வரோம் கா, எங்க ஆடலாம்?" என்றாள்.

கார் நிறுத்தும் புல்வெளியில் ஹெல்மெட்டுகளைக் கோலாக வைத்து ஆடினோம், நீ விட்டுப்போன பழைய ஐந்தாம் நம்பர் பந்தில். கருப்பு ஐங்கோணம், வெள்ளை அறுகோணம், கருப்பு வெள்ளை டிவியில் பளிச்சென்று தெரிவதற்காகப் போட்ட நிறம் என்பாயே, அது. தையல் விட்டிருக்கிறது, ஆனாலும் அது வரும் வழி எனக்குத் தெரியும். போன வருடம் நீ அனுப்பிய வழவழப்பான பந்து காற்றில் ஆடி ஆடி வந்து ஏமாற்றுகிறது. திடலில் இருந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். அந்த ஆட்டம் கணக்கில் கிடையாது என்று சுகுமாறன் மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம், மூன்றாவது கோல் என் தப்பு. அடுத்த வருடம் பெண்கள் ஆட்டம் இல்லை என்று நேற்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். போய்ச் சமாதானம் பேசட்டுமா என்று அப்பா கேட்டார், அன்றைக்கு அவரையே சோறு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடமும் போவோம், இடம் தராவிட்டால் அதே புல்வெளி.

இனி உன் விஷயம். தையல் எவ்வளவு ஆழம் இருந்தால் பந்து காற்றில் ஆடாமல் போகும் என்று படித்தவள் நீ. நீ வேலை பார்க்கும் பந்துக் கம்பெனியில் உன்னைப் பெண்கள் போட்டிப் பந்துக்கு நிறம் பார்க்க உட்கார வைத்திருக்கிறார்கள், ஆய்வுக்கூட வேலை கேட்டால் வாரத்தில் பாதி நாள் தருகிறோம் என்கிறார்கள், நீயும் சரி என்றுவிட்டாயாம். எனக்கும் அதே பாதியைத்தான் சொல்லிக் கொடுத்தாய். அது நல்ல யோசனை இல்லை மா. முழுசாகக் கேள். தரவில்லை என்றால் அதை அவர்கள் வாயால் சொல்லட்டும், நீ முந்திக்கொண்டு குறைத்துக் கேட்காதே.

கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போ. எங்கே நின்றாலும் நிமிர்ந்து நில், நன்றாக இருப்பாய். தீபாவளிக்கு வரும்போது ஐந்தாம் நம்பர் பந்து ஒன்று கொண்டு வா, தையல் ஆழமாக இருக்கட்டும். நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
தாமரை