பேசினில் எழுந்த நுரை

அன்புள்ள செல்லையா, என் தங்கச்சியைக் கைப்பிடித்து எனக்கு மச்சானாகிப் போனவனே,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அன்றைக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் நான்தான் எழுத வேண்டும் என்று பூமணி சொல்லிவிட்டாள். எழுதினேன். "உன் புறாக்களும் கண்ணீர் வடிக்கின்றன" என்றுகூட ஒரு வரி போட்டேன். உனக்குச் சிரிப்பு வருமே? நீ போன மறுநாளும் அதுகள் பயறு பொறுக்கித் தின்றுகொண்டுதான் இருந்தன.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இதுதான் அச்சுக்குப் போகப்போகிறது. ஊர் வாசிக்கட்டும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய எங்களுக்குப் புறாவை விட்டால் வேறென்ன பொழுதுபோக்கு? எங்கள் வாய்க்கால் குடியிருப்பில் ஆறு வீடுகளில் பந்தயப் புறா நின்றது. சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் கூடைகளை வவுனியாவுக்கு அனுப்புவோம். அங்கே கடை வைத்திருந்த காசிம் நானா கூடைகளைத் திறந்துவிடுவார். யாருடைய புறா முதலில் வீடு வருகிறதோ அவன்தான் அன்றைக்கு ராசா. அநேகமாக அது உன் சாம்பலியாகத்தான் இருக்கும். என் கறுப்பன் அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க வருவான்.

ஊர் உன்னைப் "புறாச் செல்லையா" என்றது. என்னைப் "புறாச் செல்லையாவின்ர மச்சான்" என்றது. இந்த வாய்க்காலில் முதல் புறாக்கூடு அடித்தவன் நான். அது யாருக்கு ஞாபகம் இருந்தது? பொறாமைதான் மச்சான். அதற்கு வேறு பெயர் தேட மாட்டேன்.

உன் கூட்டில் நீ மிகவும் கவனமாகச் செய்தது குளிப்பு. புதனும் ஞாயிறும் காலையில் அந்தத் தகரப் பேசினில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வைத்துவிட்டு எட்டி நிற்பாய். அதுகள் தாங்களாகவே இறங்கிச் சிறகடித்துக் குளிக்கும். குளித்து முடிந்தால் தண்ணீரின் மேல் அரிசிமா தூவியது போல வெள்ளைப் படலம் மிதக்கும். அதை அதுகள் குடிக்க முன்னம் வெளியே ஊற்றிவிடுவாய்.

"பிடிச்சுக் குளிப்பாட்டிறேல்லை மச்சான்," என்று எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய். "இறகில இருக்கிற இந்த வெள்ளை மாத்தான் அதுகளின்ர குடை. அது கழுவுப்பட்டால் மழைத்தண்ணி இறகுக்குள்ளை இறங்கிவிடும்."

பந்தயத்துக்கு முந்திய இரண்டு நாளும் உன் கூட்டில் பேசினே வெளியே வராது. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஏழு வருடத்துக்கு முந்திய சித்திரை அது. பூநகரியில் உன் மாமி, தகப்பனின் தங்கச்சி, மோசம்போனா என்று சாவுச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை விடிய, பூமணியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாய். வேலி வாசல் படலையில் நின்று சொன்னாய்: "நாளைக்குச் சாம்பலியை நீயே கூடையில வைச்சு அனுப்பிவிடு. உன்ர கையெண்டால் எனக்குப் பயமில்லை."

அந்தக் கைதான் அன்று மத்தியானம் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை எடுத்தது. உன் முற்றத்தில், உன் பேசினில், சாம்பலியைப் பிடித்து நுரை வர வரத் தேய்த்துக் கழுவினேன். முதலில் திமிறினாள். பிறகு அடங்கிப்போனாள், நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. சுத்தமாயிருந்தால் நல்லதுதானே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். வெயிலில் காயவிட்டு, மறுநாள் ரயிலேற்றினேன்.

நீ பத்து மணிக்கெல்லாம் பூநகரியிலிருந்து வந்துவிட்டாய். புறாக்கள் வரும் வழியில், மாங்குளத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கறுப்பன்தான் முதலில் வந்தான், வால் நனைந்திருந்தது. மற்ற நாலும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவள் வரவில்லை.

அன்றைக்குத்தான் வாய்க்கால் என் பெயரை என் பெயராகச் சொன்னது. "கறுப்பன் கெட்டிக்காரன் மச்சான்," என்று நீயும் என் கையைப் பிடித்தாய். பிறகு மழை எங்களிடமும் வந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பொழுதுபடும்வரை பயற்று டின்னைக் குலுக்கி அவளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாய். நானும் பக்கத்தில் நின்று, "வருவாள், வருவாள்" என்றேன். அதை எந்த வாயால் சொன்னேன்?

ஒன்பதாம் நாள் ஒரு வண்டில்காரர் அவளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். முறிகண்டியடியில் றோட்டோரம் நடந்து திரிந்தாளாம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு கூரைக்கு மேலே அவள் பறக்கவேயில்லை.

அடுத்த புதன்கிழமை நீ பேசினை என்னிடம் தந்தாய். "இனிமேல் குளிப்பு உன்ர பொறுப்பு மச்சான்." உன்னைச் சுத்த அப்பாவி என்று நினைத்தேன். ஏழு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

உன் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு மறுநாள், நான் எழுதிய அந்தப் புகழ்ச்சிப் பக்கத்தைப் பூமணிக்கு வாசித்துக் காட்டினேன். புறாவும் கண்ணீரும் வந்த இடத்தில் அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"அண்ணை, நாங்கள் பூநகரியால வந்த மறுநாள் இவர் குளிப்புக்குத் தண்ணி விட்டவர். பேசினில நுரை எழும்பினது. கனநேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தார். பிறகு ஊத்திப்போட்டுச் சாம்பல் போட்டு மூண்டு தரம் தேய்ச்சவர்."

கையில் இருந்த பக்கத்தை மடித்து வைத்தேன்.

"நான் உங்களிட்டைக் கேக்க வெளிக்கிட்டனான். இவர் விடேல்லை. 'எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குத் தெரியக்கூடாது' எண்டவர்."

ஏன் மச்சான்? ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? வேலிக்கு மேலால் நாலு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா? என்னை நம்பித்தான் பேசினைத் தந்தாயா? இல்லை, புதனும் ஞாயிறும் அதன் முகத்தில் நான் விழிக்க வேண்டும் என்றா? நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்தாலும் வெட்கம்தான் வருகிறது. மன்னிக்கவில்லை என்றால், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உன் கூட்டில் இப்போது பதினாலு நிற்கின்றன. சாம்பலியின் பேத்தி குஞ்சு பொரித்திருக்கிறாள். காசிம் நானா செத்தவீட்டுக்கு வந்து, உன் கூட்டடியில் ஒரு பிடி பயறு தூவிவிட்டுப் போனார்.

நீ போனபின் நானும் அதுகளுக்குக் குளிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. இன்று புதன். பேசினைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். நாலாம் தரமும் தேய்த்தேன். தண்ணீர் விட்டேன், நுரை வரவில்லை. எல்லாம் இறங்கிக் குளித்தன. கிழவி சாம்பலி மட்டும் மேல்தட்டிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருடத்தில் நான் வைத்த தண்ணீரில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. நான் வீட்டுக்குப் போனபிறகு நீ அவளுக்கு மட்டும் ஒரு சட்டியில் வேறாகத் தண்ணீர் வைப்பாய். கிழவிக்குச் செல்லம் கொடுக்கிறாய் என்று அதற்கும் வேலிக்கு மேலால் பார்த்து உன்னைப் பகிடி பண்ணினேனே!

மச்சான், அந்தியேட்டியன்று எல்லாருக்கும் முன்னால் இதை நானே வாசிப்பேன். உன் பேசினை என் கையில் இருந்து யாராவது வாங்கும்வரை குளிப்பு என் பொறுப்புத்தான். சாம்பலி உயிரோடிருக்கும் மட்டும் அவளுக்கு வேறாகச் சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் குளித்து முடியும்வரை நான் உன் படலைக்கு வெளியே போய் நிற்பேன்.

உன் பூமணியின் அண்ணன்,
புறாச் செல்லையாவின் மச்சான்,
கந்தசாமி