கருங்குன்றம் கேட்ட இடக்கை

தங்கள் ஓலை வந்து மூன்று நாளும் பதினோரு நாழிகையும் கழிந்த இவ்வேளையில், முகில் தங்கும் கருங்குன்ற நாட்டின் காவலரும், ஏழு சுனைகளுக்கு உரியவரும், நாற்கல் களத்தில் பதினேழு முறை வாகை சூடிய படையின் தலைவருமான வேந்தர் அடலேறனார் திருமுன்புக்கு, ஆறும் கடலும் கூடும் ஆம்பற்கரை நாட்டின் அரசி நல்லாதிரையார் அனுப்பும் மறுமொழி இது. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனத்தில் கிளி இறங்காதிருக்க. தங்கள் வீரர்களின் தோள்கள் நலமாய் இருக்க.

தாமதத்தை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். எங்கள் அரசியார் சபையில் பேசக் கூசுபவர். அரியணை ஏறிய நான்கு ஆண்டில் அவர் சபையில் சொன்னதையெல்லாம் ஒரே ஓலை நறுக்கில் எழுதி முடித்துவிடலாம். இந்த மூன்று நாளும் விடை அவர் நெஞ்சில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. இதையும் எழுத வேண்டுமா என்று ஓலைக்கணக்கன் கேட்டதற்கு, எழுதும் என்றார்.

தங்கள் ஓலையில் இருந்தவை இரண்டு. முதலாவது வேண்டுகோள். எங்கள் இடக்கை எறிவீரர் தாழைமாறரை மூன்றாண்டுக்குத் தங்கள் படைக்குத் தர வேண்டும். மாற்றாகத் தங்கள் மட்டை வீரர்களான இரட்டையர் முதிரனையும் மிளையனையும் நாங்கள் பெறலாம். ஐந்தாம் நாள் மாலைக்குள் அவர் வந்து சேரவில்லை என்றால், ஆம்பற்கரை தன் ஒரே கையை ஒளித்து வைத்து அஞ்சுகிறது என்று பங்குனிக் களத்தில் முரசறைவீர்கள். இரண்டாவது கேள்வி. மாசிக் களத்தில் தங்களை வென்ற நாள் முதல் இருபத்தாறு நாளாகத் தாழைமாறர் பந்தைத் தொடவில்லையே, ஏன்?

வேண்டுகோளுக்கு விடை இங்கேயே தரப்படுகிறது. அனுப்ப மாட்டோம்.

கேள்விக்கு விடை ஓலையின் கடைசியில் வரும். அதுவரை வேந்தர் பொறுத்தருள்க.

தங்கள் நாட்டில் இல்லாத ஒரு முறை எங்களிடம் உண்டு. அரச ஓலை முத்திரை பெறுமுன் சபையில் உரக்க வாசிக்கப்படும். எழும் எதிர்ச்சொல் எதுவாயினும், சொன்னவர் வாய்மொழியிலேயே ஓலையில் ஏறும். திருத்தலாகாது, மறைத்தலாகாது. ஆகவே இனி வருவதில் சில சொற்கள் தங்கள் செவிக்குக் கரடுமுரடாய் இருக்கக்கூடும்.

அனுப்ப மாட்டோம் என்ற வரி வாசிக்கப்பட்டதும் முதலமைச்சர் காவிதி நக்கனார் எழுந்தார்.

“தேவி, நிதானமாக யோசியுங்கள். எறிபவர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிமேடு ஏறுவார். அடிப்பவர் நாள்தோறும் அடிப்பார். மூன்றாண்டாக நம் மட்டைகள் ஒரு களத்துக்கு நாற்கல்லை மூன்று சுற்றுக்கு மேல் ஓடியதில்லை. ஒரு கையைக் கொடுத்து நான்கு கை வாங்குவதில் என்ன தயக்கம்? அதுவும் இன்று கொடுத்தால்தான். அடுத்த மாதம் கொடுப்பது வேறு. தேவிக்குத் தெரியாததா?”

பந்தேற்பவர் சாத்தன் அவைமுறையில் தமக்குரிய கடைசி இருக்கையிலிருந்து சொன்னது:

“ஐயா நாலு கை வாங்குறாரு, சரி. அதோட ரெண்டு வயிறும் வருதே, அதை யாரு பாத்துக்குறது? முதிரன் அடிச்சா பந்து மதிலைத் தாண்டும், இல்லேங்கல. தாண்டலேன்னா? அவன் ஒரு கல்லுலேருந்து அடுத்த கல்லுக்கு நடந்து வர்றதுக்குள்ள நான் ஒரு வலை பின்னி முடிச்சிருவேன்.”

சபை சிரித்தது. சிரித்தது என்றே எழுதப்படுகிறது.

முதலமைச்சர்: “பந்து பிடிப்பவன் பந்தைப் பார். நாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

சாத்தன்: “பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க ஐயா. மூணு வருசமா தாழைமாறன் எறியிறான், நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்க.”

இதற்குமேல் இருவரும் சொன்னவை விளையாட்டைப் பற்றியவை அல்ல. ஆயினும் முறைப்படி அவை தனி நறுக்கில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன. வேந்தர் விரும்பினால் படிக்கலாம்.

அப்போது அரசியார் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது, முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. தங்கள் இரட்டையர் சென்ற ஆண்டு மதிலுக்கு மேல் அனுப்பிய பந்துகள் முப்பத்தொன்று என்றார். அவற்றுள் இருபத்து நான்கு தங்கள் குன்றுக் களத்தில் அடித்தவை. அங்கே மதில் தொண்ணூறு தப்படியில் இருக்கிறது. எங்கள் களத்தில் மதில் நூற்றிருபது தப்படி. காற்றும் கடலிலிருந்து அடிப்பவர் முகத்துக்கு நேரே வருகிறது. இங்கே அவர்கள் மதில் தாண்ட அடித்தவை ஏழுதான். அந்த ஏழிலும் ஐந்து, காற்று விழுந்துவிட்ட பிற்பகலில். குன்றில் மதில் தாண்டும் அதே அடி கரையில் வெளிக்காவலன் கையில் போய் விழும். கருங்குன்றம் தருவதாகச் சொல்வது இரண்டு வீரர்களை. உண்மையில் தருவது தன் மதிலின் அண்மையை. அதை வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது.

வேந்தர் இதை மறுக்கலாம். மறுப்பதானால் எண்களோடு மறுக்கும்படி அரசியார் வேண்டுகிறார்.

முதலமைச்சர் விடவில்லை. பங்குனிக் களத்தில் வெல்பவர்க்கே கழிமுகத் துறை ஓராண்டு உரியது என்பதை நினைவூட்டினார். தோற்றால் ஆம்பற்கரைப் படகுகள் தங்கள் மிளகுப் படகுகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்க நேரும் என்றார். தாழைமாறர் ஒருவரையே நம்பி நாட்டை வைப்பது அறிவா என்று கேட்டார். அரசியார் அதற்கு, தாழைமாறரை நம்பி நாடு பங்குனிக் களத்துக்குப் போகவில்லை என்றார். குழலன் எறிவான் என்றார்.

சபை திகைத்தது. குழலனைத் தாங்கள் அறியமாட்டீர்கள். வயது இருபது. வேகமாய் எறிவான், எங்கே எறிவான் என்பது அவனுக்கே தெரியாது. மாசியில் நடந்த பயிற்சியில் அவன் பந்து பட்டு எங்கள் முரசு கிழிந்தது. முரசு இருந்ததோ மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருபது தப்படியில்.

சாத்தன்: “தாயே, குழலன் எறிஞ்சா நான் தலைக்கு அண்டாவக் கவுத்துக்கிட்டுத்தான் உக்காரணும். தாழைமாறனை அனுப்பவும் மாட்டீங்க, எறியவும் விடமாட்டீங்கன்னா என்ன அர்த்தம்? நூறு பந்து எறிஞ்சதுக்கு இருபத்தாறு நாளு ஓய்வா? அந்த நூறையும் வாங்குனவன் நான். எனக்கு யாரு ஓய்வு குடுத்தா? அன்னிக்கு நூறு என்னமோ நீண்டுக்கிட்டே போச்சு, அது வேற கதை.”

தாழைமாறர் சபைக்கு அழைக்கப்பட்டார். இடத்தோளை மேலாடையால் மூடிக்கொண்டு வந்தார். வலக்கையை மட்டும் நெஞ்சில் வைத்து வணங்கினார். களத்து நாயகர் என்பதால் எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவே:

“நான் போறேன் தாயே. ரெண்டு பேரு வர்றாங்கல்ல. பங்குனிக்கு ஆளு வேணும்.”

சாத்தன்: “போறேங்கிறியா? உன் பந்தை வாங்கி வாங்கி என் விரலு மூணு கோணிப் போச்சுடா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

முதலமைச்சர் அரசியாரைப் பார்த்தார். அவரே போகிறேன் என்று சொல்லிவிட்டாரே, இனி என்ன என்பது அந்தப் பார்வையின் பொருள்.

தங்கள் நாட்டுச் சட்டத்தை அரசியார் கற்றிருக்கிறார். மாற்றில் வந்த வீரர் சொன்ன தரத்தில் இல்லை என்று கண்டால், அனுப்பிய அரசைக் கருங்குன்றம் கேட்பதில்லை. வந்தவரையே ஏமாற்றியவராகக் கொண்டு கல்லுடைக்கும் குன்றுக்கு அனுப்புகிறது. ஏழாண்டு. இந்தச் சட்டம் தாழைமாறருக்கும் தெரியும். தெரிந்தே போகிறேன் என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே அரசியார் அரியணையிலிருந்து எழுந்தார். நின்றபடி பேசுவது எங்கள் அரசர்களுக்கு வழக்கம் அன்று. கட்டளைகளை நின்றபடியே சொன்னார்.

தாழைமாறர் ஆம்பற்கரையில் இருப்பார். இன்றும் இருப்பார், மூன்றாண்டு கழித்தும் இருப்பார். அவரைக் கேட்டு இனி எந்த நாட்டு ஓலை வந்தாலும் அது திறக்கப்படாமல் திரும்பும். குழலனுக்கு எறியக் கற்பிப்பது அவர் பொறுப்பு.

பங்குனிக் களத்துக்கு ஆம்பற்கரை வரும். இருப்பவர் ஒன்பது பேரோடு வரும். இரட்டையரையும் அழைத்து வருக. முரசறைவதானால் அறைக, எங்கள் முரசு கிழிந்திருப்பதால் தங்கள் முரசே இரு படைக்கும் ஒலிக்கட்டும். தோற்றால் தங்கள் மிளகுப் படகுகளுக்குப் பின்னால் ஓராண்டு காத்திருப்போம். காத்திருக்கத் தெரியாத நாடு அன்று இது. ஆனால் ஒரு மனிதரைக் கொடுத்து அந்தத் துறையை வாங்க மாட்டோம்.

மூன்றாவது கட்டளை எங்கள் நாட்டுக்கு மட்டுமே உரியது. ஆயினும் தங்கள் கேள்வியின் விடை அதில் இருப்பதால் இங்கே எழுதப்படுகிறது. எறிவீரர் ஒருவர் ஒரு களத்தில் நூறு பந்துக்கு மேல் எறியலாகாது என்பது எங்கள் பழைய முறை. எறிபவரின் தோளைக் காப்பதற்காக வந்தது. எண்ணுபவர் அரசர். ஒவ்வொரு எறிக்கும் ஒரு புளியங்கொட்டையை மண்கலத்தில் இடுவார். நூறாவது விழுந்ததும் கலத்தைக் கவிழ்ப்பார். எறிபவர் மேட்டை விட்டு இறங்குவார். வேறு எவரும் எண்ணுவதில்லை. எண்ணுவது அரசரின் சொல்லை ஐயுறுவதாகும். இன்றுமுதல் அந்த முறை மாறுகிறது. பந்தேற்பவரும் எண்ணுவார். எண்ணிக்கை இரண்டும் ஒத்துவராவிட்டால் பந்தேற்பவர் எண்ணியதே செல்லும்.

முதலமைச்சர் இருக்கையிலிருந்து பாய்ந்து எழுந்தார். “தேவி, அது அரசரின் சொல்லை நாடே ஐயுறுவது ஆகாதா?”

“ஆகும்” என்றார் அரசியார்.

தங்கள் கேள்விக்கு முதலமைச்சர் எழுதித் தந்த விடை ஒன்று இவ்வோலையின் இரண்டாம் ஏட்டில் இருக்கிறது. தாழைமாறர் பங்குனி வரை பந்து தொடா நோன்பு பூண்டிருக்கிறார் என்பது அது. ஏட்டில் எழுதியதை அழிக்க இயலாது. கோடு கிழித்து நீக்கியிருக்கிறோம். கோட்டுக்குக் கீழே எழுத்து தெரியும். தெரியட்டும் என்றார் அரசியார்.

அரக்கு உருகிவிட்டது. நாரை முத்திரை ஓலைக்கணக்கன் கையில் இருக்கிறது. அடுத்த சொல் ஏட்டில் ஏறியதும் முத்திரை விழும். விழுந்த சூட்டோடு ஓலை, விரைந்தோடும் தூதர் பூதனிடம் சேரும். அவர் எங்கும் தங்காமல், எவரிடமும் காட்டாமல், நாளை மாலைக்குள் வேந்தர் கையிலேயே தர வேண்டும் என்பது ஆணை. கழியில் நீர் ஏறி இறங்கும் நாள்வரை இவ்வோலையின் சொல் நிற்பதாக.

அரசியார் சபையைப் பார்த்துத் திரும்பவில்லை. தாழைமாறரைப் பார்த்து நின்றார். இம்முறை எவரும் பின்வரிசைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“கருங்குன்ற வேந்தர் கேட்ட கேள்விக்கு விடை இது. தாழைமாறர் நோன்பில் இல்லை. அவருடைய இடத்தோள் மூட்டு கிழிந்துவிட்டது. அந்தக் கை இனி மார்புக்கு மேல் எழாது. மருத்துவருக்கும் முதலமைச்சருக்கும் இது தெரியும். எப்படிக் கிழிந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது. மாசிக் களத்தில் கருங்குன்றம் மட்டை பிடிக்கும் முறை இன்னும் மூன்று மீதி இருக்கும்போதே நூறாவது கொட்டை விழுந்துவிட்டது. ஒரு சுற்றுதான் முன்னால் இருந்தோம். குழலனை ஏற்றினால் தோற்போம் என்று கணக்குப் போட்டேன். கலத்தைக் கவிழ்க்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு எறிக்குமான கொட்டையைக் கலத்தில் இடாமல் மடியில் போட்டுக்கொண்டேன். தாழைமாறரே, நீங்கள் மேட்டிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நூறு ஆகவில்லையா என்று கேட்டீர்கள். ஆகவில்லை என்று நான் தலையசைத்தேன். நீங்கள் நம்பினீர்கள். அன்று நீங்கள் எறிந்தது நூறு அல்ல. நூற்று முப்பத்தேழு.”