மூன்றாம் வீட்டுப் பச்சைப் புள்ளி

செவ்வாய், ஜூன் 2

மேல்காற்று. சாரல் போக்குக் காட்டிவிட்டுப் போனது. சிறுவாணித் தண்ணீர் வரவேண்டிய நாள், வரவில்லை.

ரவுட்டர் வாடகையை இன்று முடிவு செய்தாக வேண்டும். தம்பி கேபிள் டிவி காலத்திலிருந்தே தொழிலில் இருப்பவன். இப்போது கோவை கணபதிப் பகுதியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். விலை போடுவது என் வேலை. பத்தொன்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியதற்குப் பலன்.

வழிகள்:
– ரவுட்டர் இலவசம் என்று சொல்லி மாதக் கட்டணத்தில் மறைப்பது. பெரிய கம்பெனிக்குச் சரி, நமக்குக் கட்டாது.
– அவர்களே வாங்கிக்கொள்வது. பழுதானால் பழி மட்டும் நமக்கு.
– நம் ரவுட்டர், மாதம் 75 வாடகை, ஆபீசிலிருந்தே நாம் பராமரிப்பது.

மூன்றாவதுதான். தம்பிக்குத் திருப்தி இல்லை. "ஊட்டுக்கு வராமயே சரி பண்ணிப்போடறோம்னா, வராததுக்கு எதுக்குங்க காசும்பாங்கக்கா."

நியாயம். ரவுட்டர் விற்பவர் ஒரு வழி சொன்னார்: வாடிக்கையாளர் ஃபோனில் ஒரு ஆப். வீட்டு வைஃபையில் எந்த ஃபோன் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது, எல்லாம் தெரியும். இருந்தால் பச்சைப் புள்ளி, போனால் சிவப்பு. பராமரிப்புக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பார்ப்பதற்குத் தருவார்கள். ஆப்பையும் 75க்குள் சேர்த்துவிட்டேன்.

குக்கர் காஸ்கெட் வாங்க மறதி.

வெள்ளி, ஜூன் 12

தண்ணீர் வந்தது. கலங்கல்.

ரங்கசாமி ஆபீசுக்கு வந்தார். வரிசையாக ஆறு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். இங்கே வழக்கம், இன்டர்நெட் வீட்டுக்காரர் பெயரில், பணம் வாடகையோடு சேர்த்து. ஆகவே ஆறு வீட்டு ரவுட்டரும் அவர் கணக்கில். ஆப் அவர் ஃபோனில். விலை போடும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்ல சாமானுங்க அம்மணி. கேமரா வெக்கற செலவு மிச்சம். அஞ்சாவது ஊட்டுக்காரரு நைட் ஷிப்டுன்னு சொல்லிப்போட்டு ஊட்டுல படுத்துக் கெடக்கறாருங்க." தம்பி சிரித்தான்.

பிறகு, சாதாரணமாக: "மூணாவது ஊட்டுல கவிதான்னு ஒரு புள்ளைங்க. மோட்டாருக்குக் காயில் சுத்தப் போகுது. புருசன் கூடச் சண்டை, கொழந்தையத் தூக்கிட்டு வந்துருச்சு. எங்கிருக்குதுன்னே அவனுக்குத் தெரியாதாமா. பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு கல்யாணத்துல ஆப்பைக் காட்டிட்டு இருந்தனுங்க. அதுல இந்தப் புள்ள பேரைப் பாத்துப்போட்டு புருசனோட மாமன் அழுதே போட்டாரு. பாத்தா நமக்குச் சொந்தக்காரப் பையன்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"சேத்தி வெக்கறது புண்ணியமுங்களே. அவன் ஃபோன்லயும் ஆப்பை ஏத்திக் குடுத்துட்டேன். அந்தப் புள்ள எப்ப ஊட்டுல இருக்குதுன்னு பாத்து, நல்லபடியாப் பேசட்டும்."

கும்பிட்டுவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை.

அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். புதிய ஃபோன் ஒன்று, புதன்கிழமை முதல். பெயர் மணி. நேற்று மட்டும் நாற்பத்தொரு முறை ஆப்பைத் திறந்திருக்கிறான்.

சனி, ஜூன் 13

ரவுட்டர் சரிபார்ப்பதாகச் சொல்லி மூன்றாம் வீடு. கவிதாவுக்கு முப்பது இருக்கும். இடது மணிக்கட்டு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. கேட்கவில்லை. குழந்தை சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் சொன்னேன். விலை போட்டது நான் என்பதையும். அழவில்லை. கதவைத் தாழ் போட்டாள்.

"ஆப்பை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தீராதீங்கக்கா. நின்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இன்னைக்கே வந்துருவான்." ஃபோனைக் கையில் எடுத்தாள். "அது ஃபோனைத்தான பாக்குது? ஆளைப் பாக்காதே?"

"ஆளைப் பாக்காது."

"சார்ஜர்ல போட்டு இங்கயே உட்டுப்போட்டுப் போனா?"

"ஊட்டுல இருக்கற மாதிரிதான் காட்டும்."

என் எண்ணைக் கொடுத்தேன். தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது.

ஞாயிறு, ஜூன் 14

காலை 5.50. கவிதா. "வாரேனுங்கக்கா." பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம் இல்லை, குழந்தையின் இருமல் மட்டும். வீட்டிலிருந்தே பேசியிருக்கிறாள், அந்த ஃபோனிலிருந்தே. எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

புள்ளி நாள் முழுக்கப் பச்சை. துணி மடித்தேன், பார்த்தேன். சாப்பிட்டேன், பார்த்தேன். நானும் அவனும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திங்கள், ஜூன் 15

காஸ்கெட் வாங்கியாயிற்று. சைஸ் தவறு.

ஆபீஸ் ஃபோனில் ரங்கசாமி. "ஏனுங்க அம்மணி, மூணாவது ஊட்டுப் புள்ள நேத்திருந்து வெளியவே போகலைன்னு காட்டுதுங்க. கதவும் சாத்தியே கெடக்குது. ஆப் சரியாத்தான காட்டும்?"

"சரியாத்தான் காட்டுமுங்க."

பொய் இல்லை. ஃபோன் அங்கேதான் இருக்கிறது.

"அப்ப நாளைக்கு மாப்பிள்ளைய வரச் சொல்லிப்போடறேன். ஒடம்பு சரியில்லையோ என்னமோ. சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்குதுங்க."

செவ்வாய், ஜூன் 16

காற்று பலம். ஆபீஸ் போர்டு ஆடிக்கொண்டே இருக்கிறது.

புதிய விலை அட்டை எழுதினேன். ரவுட்டர் பராமரிப்பு 60, ஆப் கிடையாது. தம்பி படித்துவிட்டு, "ஆப்புக்குத்தானுங்கக்கா வாங்கறாங்க. அதையும் எடுத்துப்போட்டா ரவுட்டர் என்ன ஷோகேசுல வெக்கறதுக்கா?" என்றான். அட்டையைச் சுவரில் ஒட்டினேன்.

மாலை 4.20. மூன்றாம் வீட்டில் இரண்டு புள்ளி. கவிதாவின் ஃபோன். கீழே, மணி. வைஃபை பாஸ்வேர்டும் ரங்கசாமிதான் கொடுத்திருக்க வேண்டும்.

4.26. இரண்டும் பச்சை. வீடு காலி. அங்கே அடிபட யாரும் இல்லை. இதையே சொல்லிக்கொள்கிறேன்.

4.33. கவிதாவின் புள்ளி சிவப்பு. அடுத்து அவனுடையதும்.

4.38. என் ஃபோன் அடிக்கிறது. கவிதாவின் எண். அந்த ஃபோனிலிருந்து கடைசியாக அழைத்தது என்னைத்தான். அழிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவளுக்கும்.

எடுக்கவில்லை.

4.40. மறுபடி. எடுக்கவில்லை.

4.47. தம்பி வாசலில் நின்று ஃபோனில் பேசுகிறான். "சொல்லுங்க ரங்கசாமியண்ணா... அந்த நெம்பருங்களா? நம்ம அக்காளோடதுதானுங்க... ஆமாங்க, ஆபீசுலதான் இருக்குது... மாப்பிள்ளையும் கூட வாராருங்களா? அதுக்கென்னுங்க, வாங்க, வாங்க. டீ சொல்லி வெக்கறேன்."