பால் நோட்டில் ஏழு பிள்ளைகள்

ரிங்லெட், தேயிலைத் தோட்டம்
3 ஜூன் 1943

மதிப்பிற்குரிய வக்கீல் ராஜநாயகம் ஐயாவுக்கு,

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அற்புதம்மாள் எழுதுகிறேன். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் காய்கறி லோரி ஓட்டும் வேலப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் எடுக்கும் ஆள் பட்டியலில் என் மகன் டொனால்டின் பெயர் வந்துவிட்டது. பதினாறு வயது ஆனவர்களைத்தான் எடுக்கிறார்கள். அவனுக்குப் பன்னிரண்டுதான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, ஆள் பெயர் பதியும் செக்ரோலில் வயதைத் தவறாக எழுதிவிட்டார். அவன் அப்பா ஏப்ரலில் சயாமுக்குப் போனவர், இன்றுவரை ஒரு வரி இல்லை. இவனையும் விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்?

இப்படிக்கு,
அற்புதம்மாள்

தாப்பா
7 ஜூன் 1943

அன்புள்ள அம்மா,

கூலியைக் குறைத்து எழுதும் கிராணிகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு நான்கு வயதைக் கூட்டி எழுதும் கிராணியை இதுவரை பார்த்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கோர்ட்டில் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உங்கள்,
ராஜநாயகம்

ரிங்லெட்
11 ஜூன் 1943

ஐயா,

உங்களிடம் மறைத்தது தப்பு. பதினாறு என்று கிராணியிடம் சொன்னது நான்தான். பெரியவர்களுக்குக் கொடுக்கும் அரிசியில் பாதிதான் பிள்ளைகளுக்கு, மிச்சப் பசிக்குக் கிழங்குதான். டொனால்ட் மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

இது எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லத்துக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, எம்புள்ளைக்கும் வயசக் கூட்டிச் சொல்லட்டா?" என்று கேட்டாள். "சொல்லுலா, யாரு பாக்கப் போறா?" என்றேன். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் சொன்னார்கள். இப்போது ஏழு பிள்ளைகளும் பட்டியலில் இருக்கிறார்கள்.

டொனால்டுக்கு ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஏழு பேரையும் கேட்டால் ஒருவரையும் விடமாட்டார்கள் ஐயா. என் பிள்ளையை மட்டும் மீட்டுக் கொடுங்கள்.

அற்புதம்மாள்

தாப்பா
14 ஜூன் 1943

அன்புள்ள அம்மா,

சீட்டு இருக்கிற பிள்ளைக்கு வக்கீல் எதற்கு? நீங்களே கொண்டுபோய்க் காட்டலாம். வக்கீல் வேண்டியது மற்ற ஆறு பேருக்குத்தான்.

உங்கள் கொட்டகையில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் கணக்கை எழுதும் பால் நோட்டு இருக்குமே? பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்துக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை உங்களிடம் விட்டுத்தானே போகிறாள். அன்றைக்குத் தேதி போட்டுப் பெயரை எழுதியிருப்பீர்கள். பழைய நோட்டை அனுப்புங்கள். கேட்டால் ஏழு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்பேன். பயம் எனக்கும் இருக்கிறது.

என் ஃபீஸ் பற்றிப் பேச வேண்டாம்.

ராஜநாயகம்

ரிங்லெட்
18 ஜூன் 1943

ஐயா,

இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நேற்றுச் செல்லத்தின் கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்டினேன். அவள் மூத்தவன் முனியாண்டியும் அதே தொட்டிலில் கிடந்தவன்தான். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை.

நோட்டையும் சீட்டையும் அனுப்புகிறேன். நோட்டின் ஓரங்களில் கரையான் அரித்திருக்கிறது, தேதிகள் தெரிகின்றன.

அற்புதம்மாள்

தாப்பா
30 ஜூன் 1943

அன்புள்ள அம்மா,

ஏழு பெயர்களையும் அடித்துவிட்டார்கள்.

ஜப்பான் அதிகாரி நோட்டை வெகுநேரம் புரட்டினார். வயதைக் கூட்டச் சொன்னது யார் என்று மூன்று தடவை கேட்டார். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்வதில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். இனிமேல் கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்றார்.

ஏழு பேரின் அரிசியும் பாதியாகிவிடும். தாய்மார்கள் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். டொனால்டைக் கிழங்கு சாப்பிடச் சொல்லுங்கள்.

ராஜநாயகம்

ரிங்லெட்
15 ஜூலை 1943

ஐயா,

நீங்கள் சொன்னபடியே திட்டினார்கள். "வக்கீலு எங்க வயித்துல அடிச்சிட்டாரு" என்று செல்லம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். போன திங்கட்கிழமை லோரி வந்தது. முப்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் ஏழு பேரும் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோரி வளைவு திரும்பியதும் செல்லம் கொட்டகைக்கு வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாள். "அந்த ஐயாவுக்கு நம்ம என்னாக்கா செய்யலாம்?" என்றாள்.

உங்கள் வீட்டு வாசலில் இருந்த வக்கீல் பலகையை ஜப்பான்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டதாக வேலப்பன் சொன்னார். என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பலகை அங்கேயே இருந்திருக்கும்.

தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைப் பிள்ளைகள் இழைத்துத் தேய்த்தார்கள். உங்கள் பெயரையும் கீழே வக்கீல் என்றும் டொனால்ட் எழுதினான். வேலப்பன் கொண்டுவருவார். இப்போது வாசலில் மாட்ட முடியாது, எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஏழு பேரும் தங்கள் பெயரையும் வயதையும் எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வயதுகூடக் கூட்டவில்லை ஐயா.

நன்றியுடன்,
டொனால்டின் அம்மா
அற்புதம்மாள்