தட்டு மாற்றாத நாள்

புக்கிட் பெலிம்பிங்,
கோல சிலாங்கூர்.

அன்பு கங்காவுக்கு,

கார்த்திகேசு மாமா எழுதுவது. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. ஓரத்தில், "மாமா, கட்டாயம் வரணும்" என்று உன் கையால் எழுதியிருந்தாய். நின்றுபோன சம்பந்தத்தின் மாமனாருக்கு யாரம்மா பத்திரிகை அனுப்புவார்கள்? உனக்குத்தான் அந்த மனசு. வாட்சப்பில் பதில் எழுதிப் பார்த்தேன். கைப்பேசியில் நாலு வரிக்கு மேல் எனக்கு வராது.

போன வாரம் ரவாங் வரை போனவன், அப்படியே புக்கிட் பெருந்துங் போய் உன் அப்பாவைப் பார்த்தேன். வீட்டுக் கூரைக்குப் புது ஓடு போட்டுவிட்டார். புயலுக்கு மறுநாள் அந்தக் கூரையில் நானும் அவரும்தான் ஏறித் தார்ப்பாய் கட்டினோம். அன்றும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இந்த முறையும் தேநீர் கலக்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தப் பரிச நாளை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வாசலில் கூடாரம் போட்டு, சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்து, தட்டு மாற்றப் போகிற நேரம். வானம் கறுத்தது. அடுத்த நிமிடம் கூடாரம் அப்படியே எழும்பி எதிர்வீட்டுக் கார்மேல் விழுந்தது. குத்துவிளக்கு சாய்ந்தது, ஓடுகள் பறந்தன. யாருக்கும் அடிபடவில்லை என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் மைத்துனர் திருச்செல்வம், "சகுனம் சரியில்ல, தட்ட எடுங்க, கெளம்பலாம்" என்று சொல்லிவிட்டார். அது வெறும் காற்று என்று நான் கத்தினேன். பையனின் தாய்மாமன் ஒன்று சொன்ன பிறகு அப்பன் பேச்சு எங்கே எடுபடும்? உன் அத்தை விஜயராணி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டாள்.

சின்னச் சுழற்காற்று என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். உங்கள் தாமான் குடியிருப்பில் எத்தனையோ வீட்டுக் கூரைகள் போயின. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கூரையும்தான். அவர் அந்த மாதமே, தார்ப்பாய் கட்டிய வீட்டில் மகள் கல்யாணத்தை நடத்தி ஊருக்கே சோறு போட்டாராம். அந்தப் பெண்ணின் கையில் இப்போது குழந்தை இருக்கிறது. உன் அப்பாதான் காட்டினார். அவர்கள் கூரையைத் தூக்கியதும் அதே காற்றுதானே, அம்மா? நமக்கு மட்டும் அது ஏன் கெட்ட காற்றாகிப் போனது?

அத்தை இப்போது தன் அண்ணனிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பத்திரிகையைப் படித்துவிட்டு, இந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெண் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். பையன் யுவனேஸ்வரனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்கு அதை எழுதுவது நியாயமில்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான்.

கல்யாணத்துக்கு ஜொகூர் வரை நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இவர் யார் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் உன் அப்பா பாவம், என்ன சொல்வார்? அன்று காலை இங்கே கோயிலில் உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

நீங்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நெடுநாள் வாழ வேண்டும். உன் முகூர்த்தம் மழை மாதத்தில் வருகிறது. அன்று இடி இடிக்கலாம், காற்றும் அடிக்கலாம், பெரியவர்கள் ஏதாவது சொல்லவும் செய்யலாம். யார் எழுந்து போனாலும், மணவறையை விட்டு நீ மட்டும் எழுந்திருக்காதே, அம்மா.

என்றும் உன் நன்மையை விரும்பும்
கார்த்திகேசு மாமா