காற்றுப் போகிற இடத்தில் ஒரு பொட்டு

சிட்டு,

மெஷினுக்குத் தூசி தட்டுகிற நம் பிரஷ் இன்னும் சிவப்பாகவே இருக்கிறதடி. மூக்கருகே கொண்டுபோனால் சந்தன வாசனை அடிக்கிறது. அது உன் கைச் சந்தனம். எங்கிருந்து வந்தது என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. திறந்தது நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் அக்காதான் திறந்தாள்.

ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், தையல் மெஷின், எம்பிராய்டரி மெஷின் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். லேப்டாப்பை மட்டும் தொட விடமாட்டாய்.

"அது என் ஆளு. நான்தான் வெப்பேன்."

"மூடி மேல வெச்சா போதாதாடி?"

"மூச்சு வர்ற எடம் இதுதான்க்கா. இதுதான் அதுக்கு நெத்தி."

பின்பக்கம் சூடான காற்று வெளியே வருமே, அந்த இடத்தில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பாய். ஒவ்வொரு வருஷமும் பழசுக்கு மேலேயே புதுசு. துடைக்கலாமா என்று கேட்டால், பூஜை பண்ணினதைத் துடைக்கக் கூடாது என்று என்னிடமே சாத்திரம் பேசுவாய்.

நாம் வாங்கும்போதே அது யாரோ வைத்திருந்து விற்ற பழசு. நீ அதில் டிசைன் வரைவாய், நான் மெஷினில் தைப்பேன். மல்காஜ்கிரி வீட்டு முன்னறைதான் கடை. காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டு நீ தலை பின்னப் போவாய். பின்னி முடித்துப் பூவும் வைத்துக்கொண்டு வரும்போதுதான் திரையில் வெளிச்சமே வரும். "ஐயா எந்திரிக்கட்டும், அதுக்குள்ள டீ போடுக்கா" என்பாய். உன் தயவில் நான் எத்தனை டீ போட்டிருப்பேன்!

இந்த ஊர்ப் பெண்கள் பூவைக் கோபுரமாக அடுக்கிக் கும்பிடுகிற பதுகம்மா, அந்த டிசைனை உனக்குத்தான் எவ்வளவு பிடிக்கும். பிளவுஸின் முதுகு நிறையப் பூ அடுக்கு. கீழே அகலம், மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் மஞ்சள் பிடித்து வைத்த கௌரம்மா. கடைசி அடுக்கைச் சேர்த்தால் போதும், திரை அப்படியே நின்றுவிடும். "இதுக்கு மூளை பத்தலைக்கா, நம்ம குடும்பத்துலயே வளர்ந்ததாச்சே" என்று தலையில் அடித்துக்கொள்வாய். அடுத்த தெரு அம்மா ஒருத்தி அதைத் திரையிலேயே பார்த்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, லேப்டாப்பை அணைத்துவிட்டு வாடி என்றேன். "தூங்கட்டும்க்கா, வந்து பாத்துக்கறேன்" என்றாய்.

நீ வரவில்லை.

அந்த அம்மா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு டிசைன் காட்டட்டுமா என்று நானே கேட்டேன். "வேரேதி ஒத்து அக்கா. ஆ பதுகம்மாயே காவாலி" என்றாள். வேறெதுவும் வேண்டாமாம், அதுவேதான் வேண்டுமாம்.

லேப்டாப்போ உனக்குப் பிறகு இன்னும் மோசம். கை வைத்தால் தோசைக்கல்லாகச் சுடும், பட்டென்று அணைந்துவிடும். அது ஒரேயடியாகப் போனால் உன் டிசைன் அத்தனையும் போகும். அப்புறம் நான் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வயிற்றுப்பாட்டை விடு. உன் கை வரைந்தது ஒன்றுகூட மிஞ்சாதே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது.

செகந்திராபாத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நக்கோ அம்மா! இத்னா புரானா கைக்கு ரக்கே?" என்றார். வேண்டாம்மா, இவ்வளவு பழசை எதற்கு வைத்திருக்கிறாய் என்கிறார். "பெஹன் கா ஹை" என்றேன். தங்கையுடையது என்றதும் அவர் குரல் இறங்கியது. உள்ளே இருக்கிற டிஸ்க்கை மாற்றி, ராம் மெமரியும் கூடுதலாகப் போட்டால் ஓடும், விட்டுவிட்டுப் போ என்றார்.

விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. உன்னை ஒரு தடவை விட்டுவிட்டு வந்தது போதும். சாமான்களை மட்டும் வாங்கி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டேன்.

என் மகளைத்தான் உனக்குத் தெரியுமே. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். "கொத்ததி கொனேத்தாம்மா", புதுசே வாங்கிவிடலாம் என்றாள். ஆனால் உன் டிசைன் சாஃப்ட்வேரின் பூட்டு இந்தப் பெட்டியில்தான் திறக்கும் என்று அவளே பார்த்துச் சொன்னாள். பிறகு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். முதலில் கேபிள் போட்டு, பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதுசுக்குக் காப்பி எடுக்க வேண்டும். நடுவில் அணைந்தால் கதை முடிந்தது. லேப்டாப்பைக் கம்பி ஸ்டாண்டு மேல் தூக்கி வைத்து, எதிரில் டேபிள் ஃபேனைப் போட்டு, ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்த மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை ஜெயித்தேன் சிட்டு. சோறு ஆறிப்போன நேரத்துக்கு, எல்லாம் வந்துவிட்டது என்றாள் மகள்.

ஸ்க்ரூ கழற்றுவது எனக்குப் புதுசா? எம்பிராய்டரி மெஷினைத் திறந்து மூடிய கைதானே. அடிப்பக்க மூடியைத் தூக்கினால், காற்றுப் போகிற இடுக்கெல்லாம் உன் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. அதற்கு உள்ளே நம் நூல் தூசி மெத்தையாக அடைத்திருக்கிறது. பாவம், மூச்சு எப்படி விடும்? "சித்தி பண்ணின பனி சூடு!" என்று மகள் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகக் கத்தினாள், சித்தி பண்ணின வேலையைப் பார் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போனதிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே அழுதேன். பிரஷ்ஷை எடுத்து, உன் ஒவ்வொரு வருஷத்துப் பொட்டையும் மெதுவாகத் தட்டி எடுத்தேன்.

காற்றாடியைக் கழற்றியதும் அதன் கீழே ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. அதுதான் மூளையாம். சூடு இறங்க அதன் மேல் ஒரு பேஸ்ட் வைக்க வேண்டுமாம், அரிசி மணி அளவுக்கு, சரியாக நடுவில். மகள் ட்யூபை என் கையில் கொடுத்தாள்.

"புர்ரக்கு பொட்டு பெட்டு அம்மா."

மூளைக்குப் பொட்டு வை என்கிறாள்! பொட்டு வைக்க வேண்டும் என்று நீ சொன்னது சரிதானடி. இடம்தான் தப்பு.

பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டினோம். பிறகு ராம். சாய்த்து வைத்து அழுத்தினேன், பேசாமல் நின்றது. தையல் மெஷினில் நூல் பாபினை மாட்டும்போது நீ சொல்வது காதில் கேட்டது: "டக்குன்னு சொல்லணும்க்கா. சொல்லலைன்னா உட்காரலை." இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டக்.

மூடியை மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டுப் பழக்கத்தில் டீ போடத் திரும்பினேன். இரண்டடி வைத்திருப்பேன்.

"அம்மா, வச்சேசிந்தி!"

வந்துவிட்டதாம். திரும்பிப் பார்த்தால் திரை முழுக்க வெளிச்சம். இனிமேல் நீ தலை பின்ன வேறு நேரம்தான் பார்க்க வேண்டும். பதுகம்மாவைத் திறந்தோம். கடைசி அடுக்கைச் சேர்த்தோம். நிற்கவில்லை. உச்சியில் கௌரம்மா வந்து உட்கார்ந்தாள்.

நேற்று அந்தக் கல்யாணப் பெண் பிளவுஸைப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் அத்தை தனக்கும் ஒன்று கேட்டுவிட்டாள். அதைத்தான் இப்போது மெஷின் தைத்துக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். கடை உன் கையால்தான் ஓடுகிறது. சுடுகிறதா என்று நடுநடுவே லேப்டாப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆயுத பூஜை வருகிறது. சந்தனம் நான்தான் அரைக்க வேண்டும். நீ சொல்லு சிட்டு, உள்ளே வைத்த பொட்டே போதுமா, இல்லை மூடி மேலேயும் ஒன்று வைக்கட்டுமா?