சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

பங்குனி 18, வியாழன்
எட்டு மணிக்கே வெயில். ஸ்டூடியோ ஃபேன் சுற்றுகிறது, காற்று இல்லை.
இன்றைய வேலை: பக்கத்து ஊர்க் கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை, பெண், மாமன்மார் எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் பல் வெளுக்க வேண்டும். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் வளர்ந்த பல் அத்தனையும் காவி, வரி வரியாக. "சிரிங்க" என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் திமிர் என்று நினைக்கிறார்கள். சொல்கிற நான் மட்டும் ஒழுங்கா? என் கல்யாண போட்டோவில் நானும் செல்வியும் துக்கம் விசாரிக்கப் போனவர்கள் மாதிரி இருப்போம்.
மாப்பிள்ளைக்கு ரொம்ப வெளுத்துவிட்டேன். பேஸ்ட் விளம்பரம். குறைக்கணும்.

பங்குனி 19, வெள்ளி
தண்ணீர் காய்ச்சினேன். வீட்டில் இது என் டிபார்ட்மென்ட். செல்விக்கு மூட்டு வலி தொடங்கிய நாளிலிருந்து, நாலு வருஷமாக, தவறியதில்லை. ஒரு குடம் அரைக் குடமாகச் சுண்ட வேண்டும். போர்த் தண்ணீரில் உள்ள கெட்டதெல்லாம் ஆவியாகப் போய்விடும் என்பது என் கண்டுபிடிப்பு. டீக்கடையில் இதைச் சொல்லிப் பெருமையடிக்காத நாள் கிடையாது.
பிறகு செ.க்குச் சடை பின்னினேன். அவள் கை பின்னால் போவதில்லை. கழுத்தும் திரும்பாது, கூப்பிட்டால் மொத்த உடம்போடு திரும்புவாள். "லாரி ரிவர்ஸ் வருது, வழி விடுங்க" என்பேன். உதட்டை மூடிச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.
எதிர்வீட்டு மதினி: "அம்பதுகூட ஆகல, இப்பிடி வெறச்சுப் போச்சே. யாரோ செய்வினை செஞ்சிருக்காக, கொழுந்தனாரே." யார் யார் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தாள். அதில் அவள் நாத்தனாரும் உண்டு.

பங்குனி 22, திங்கள்
ஸ்டூடியோ லீவு. செ.யுடன் மதுரை, எலும்பு டாக்டர். பஸ்ஸில் இடம் இருந்தும் மதுரை வரை நின்றே வந்தாள். உட்கார்ந்தால் எழ முடியாதாம்.
டாக்டர் சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். "நீங்க போட்டோகிராபர்தானே? பாருங்க, எலும்பு எவ்வளவு வெள்ளையா இருக்கு. இவ்வளவு வெள்ளை இருக்கக் கூடாது."
பல்லில் வராத வெள்ளை முதுகெலும்பில் வந்திருக்கிறது. நான் தொட்டுத் திருத்த முடியாத படம்.
தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாம். சின்னதில் பல்லைக் காவியாக்கியதும் அதுதான், இப்போது எலும்பை இறுக்குவதும் அதுதான்.
"நல்லாக் காச்சித்தான் குடுக்கேன் டாக்டர். பாதியாச் சுண்டுற வரைக்கும்."
அவர் பேனாவை மூடி வைத்தார். "காய்ச்சினா தண்ணிதாங்க ஆவியாகும். ஃப்ளோரைடு போகாது. சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."
ஜோக் ஒன்று தேடினேன். அகப்படவில்லை.
"கழுத்து பழையபடி திரும்புமா?"
"தண்ணிய மாத்துங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். மேற்கொண்டு இறுகாம பாக்கலாம். இறுகினது இளகும்னு சொல்ல மாட்டேன்."
திரும்பும் பஸ்ஸில் செ.: "மூஞ்சிய அப்பிடி வைக்காதீக. காச்சாம குடிச்சவுகளுக்கும்தான வந்திருக்கு."
"அவுகளுக்கு நான் சுண்ட வச்சுக் குடுக்கலயே."


பங்குனி 23, செவ்வாய்
சுத்திகரித்த கேன் தண்ணீர் வந்தது. குடிக்க, சமைக்க. மழைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேஸ்திரியிடம் கேட்கணும்.
டீக்கடையில் மாஸ்டர்: "என்னண்ணே, இன்னைக்கு எம்புட்டுச் சுண்டுச்சு?" எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சைக் கேட்டு அவர் வீட்டிலும் காய்ச்சுகிறார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.
மதினியிடமும் சொன்னேன். "அப்ப செய்வினை இல்லையா?" என்றாள். குரலில் ஏமாற்றம்.

பங்குனி 24, புதன்
பழக்கதோஷம். தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டேன். இறக்கினேன்.
சடை பின்ன ஆளைக் காணோம். வாசலில் தெருவைப் பார்த்து நின்றாள், எனக்கு முதுகு. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. கொல்லை வழியாகச் சுற்றிப் போய் அவளுக்கு எதிரே நின்றேன்.
"என்ன, இந்தப் பக்கமா வாரீக?"
"ஒண்ணுமில்ல. சடை."